தேயிலைக்கு நடுவில் மிச்சமிருக்கும் சோலை

அத்தை வீட்டுத் தகரக் கூரைக்கு மேலே இருவாச்சி பறந்து போன சத்தத்தை முதல் தடவை கேட்டபோது மழை வருகிறது என்றுதான் நினைத்தேன். கொடியில் காய்ந்துகொண்டிருந்த துணிகளை எடுக்க ஓடினேன். அப்போது எனக்குப் பத்து வயது இருக்கும். "மழை இல்ல கண்ணு, மேல பாரு" என்று அத்தை கையைக் காட்டினார். கறுப்பும் வெள்ளையுமான சிறகை விரித்துக்கொண்டு, பெரிய மஞ்சள் அலகும் அதன்மேல் ஒரு கொண்டையுமாக ஒரு பறவை எதிர்ச்சரிவில் இருந்த சோலையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. சிறகை அடிக்கிற ஒவ்வொரு தடவையும் பழைய கரி இன்ஜின் மூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தம். அது மரங்களுக்குள் போய் மறைந்த பிறகும் நான் துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றிருந்தேன்.

அத்தை வால்பாறைப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். முழுப் பரீட்சை முடிந்த மறுநாளே பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் வால்பாறை பஸ்ஸில் என்னை ஏற்றிவிடுவார்கள். எஸ்டேட் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டின லைன் வீடு, இரண்டு அறை, பின்னால் ஓர் ஓடை, ஓடைக்கு அந்தப் பக்கம் சோலை. அந்தச் சோலை எவ்வளவு பெரியது என்று அப்போது தெரியாது, முடிவே இல்லாத காடு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பெரியவனான பிறகு ஒருநாள் எஸ்டேட் ரோட்டிலேயே சுற்றி நடந்து பார்த்தேன். முக்கால் மணி நேரத்தில் கிளம்பிய இடத்துக்கே வந்துவிட்டேன், நாலு பக்கமும் தேயிலைதான். அந்தச் சின்னத் துண்டுக்குள்தான் இருவாச்சியும் கருமந்தியும் மலை அணிலும் இருந்தன என்பதை நம்பவே முடியவில்லை. இந்தக் கட்டுரை அந்த மாதிரித் துண்டுகளைப் பற்றித்தான்.

ஆழியாறு செக்போஸ்ட்டைத் தாண்டினால் மலை ஏற ஆரம்பிக்கும். நாற்பது கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றிலும் எண் போட்ட பலகை. ஒன்பதாவது வளைவில் எல்லா வண்டியும் நிற்கும், கீழே ஆழியாறு அணையும் தென்னந்தோப்புகளும் பொள்ளாச்சி வரைக்கும் விரிந்து கிடப்பதைப் பார்க்க. நான் அங்கே இறங்கினால் கீழே பார்ப்பதில்லை, ரோட்டை ஒட்டின பாறையைத்தான் பார்ப்பேன். வரையாடு இருக்கும். மூணாறு பக்கம் இரவிகுளத்திலோ நம் பக்கம் அக்காமலைப் புல்வெளியிலோ இரண்டாயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கிற ஆடு, இந்தப் பாறைச் சரிவில் ரொம்பக் கீழேயே கிடைக்கிறது. ஒரு தடவை ஒரு பெண் ஆடும் குட்டியும் என் தலைக்கு ஒரு பனை உயரத்துக்கு மேலே நின்றிருந்தன. அம்மா ஒரு விளிம்பிலிருந்து இன்னொரு விளிம்புக்குத் தாவிவிட்டது. குட்டி முன்னங்காலை வைத்துப் பார்க்கிறது, எடுக்கிறது, திரும்ப வைத்துப் பார்க்கிறது. அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல் பாறை இடுக்கில் இருந்த புல்லை மேய்ந்துகொண்டிருந்தது. கடைசியில் குட்டி தாவியது, பின்னங்கால் சறுக்கி நாலைந்து கல் உருண்டு ரோட்டில் விழுந்தது, அவ்வளவுதான், அதுவும் மேய ஆரம்பித்துவிட்டது.

சங்கப் பாடல்களில் வருடை என்று வருவது இந்த ஆடுதான் என்பார்கள். 2025 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,303, கேரளத்தையும் சேர்த்தால் 2,668. மொத்த உலகத்திலும் இவ்வளவுதான், ஏனென்றால் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர இது வேறு எங்குமே கிடையாது. ஒரு பெரிய கல்யாணத்துக்கு வருகிற கூட்டமே இவ்வளவு இருக்கும். தயவுசெய்து அதற்கு பிஸ்கட் போடாதீர்கள். மனுஷன் கையை எதிர்பார்த்து ரோட்டுக்கு இறங்கப் பழகின ஆடு லாரிக்கு அடியில்தான் போய் முடியும்.

சரி, மேலே போவோம். ஆனைமலை புலிகள் காப்பகத்தின் வரைபடத்தை எப்போதாவது பார்த்திருக்கிறீர்களா? 1976-ல் சரணாலயமாகி, 2007-ல் புலிகள் காப்பகமான இடம், 958 சதுர கிலோமீட்டர், கோவை மாவட்டத்திலும் திருப்பூர் மாவட்டத்திலுமாகப் பரந்திருக்கிறது. மேற்கே பரம்பிக்குளம், தெற்கே வாழச்சாலும் இரவிகுளமும் என்று கேரளத்துக் காடுகள் தொட்டுக்கொண்டு நிற்கின்றன. எல்லாம் பச்சை. நட்டநடுவில் மட்டும் வெள்ளையாக ஓர் ஓட்டை. அந்த ஓட்டைதான் வால்பாறை. சுமார் 220 சதுர கிலோமீட்டர், தேயிலை, கொஞ்சம் காபி, கொஞ்சம் ஏலம், எஸ்டேட்டுகள், ஒரு டவுன். சட்டப்படி அது காப்பகத்துக்கு வெளியே. ஆனால் யானைக்கும் சோலைமந்தி என்கிற சிங்கவால் குரங்குக்கும் இருவாச்சிக்கும் அந்தக் கோடு தெரியாது, அவை ஒரு பக்கத்துக் காட்டிலிருந்து மறு பக்கத்துக் காட்டுக்குப் போக இந்த ஓட்டையைத்தான் கடந்தாக வேண்டும். பல உயிர்கள் கடப்பதோடு நிற்காமல் அதற்குள்ளேயே பிறந்து, குட்டி போட்டு, செத்தும் போகின்றன.

1890-களிலிருந்துதான் வெள்ளைக்காரர்கள் இங்கே காட்டைப் பெரிய அளவில் அழித்தார்கள். முதலில் காபி, அப்புறம் தேயிலை. எந்த இடத்தில் செடி வைக்க முடியாதோ அந்த இடம் மட்டும் தப்பித்தது: செங்குத்தான பள்ளம், ஓடைக்கரை, பாறைச் சரிவு, ஏலத்துக்கும் காபிக்கும் நிழல் வேண்டும் என்று விட்டுவைத்த மரங்கள். அப்படித் தப்பியவை நாற்பது துண்டு போல இன்றைக்கு இருக்கின்றன. சில துண்டுகள் ஒரு கிராமத்துக் குளத்தின் அளவுதான் இருக்கும், சில நூற்றுக்கணக்கான ஏக்கர். துண்டுச்சோலை என்று எழுதுகிறார்கள், எஸ்டேட் ஆட்கள் வெறுமனே சோலை என்பார்கள்.

உள்ளே போனால் தெரியும். வெளியே தேயிலைக் காட்டில் வெயில் கண்ணைக் குத்தும், சோலைக்குள் காலடி வைத்ததும் யாரோ கதவைச் சாத்தின மாதிரி இருட்டும் குளிரும். சட்டைக்குள் அட்டை ஏறும், அதைப் பற்றிக் கவலைப்பட்டால் சோலையைப் பார்க்க முடியாது. பெரிய மரங்களில் எனக்குப் பிடித்தது வெடிபலா. அடிமரத்தில் பலகை பலகையாக வேர், தண்டும் கிளையும் மேலே எங்கேயோ போகும், பழைய கிளைகளை ஒட்டிக் கொத்துக்கொத்தாகப் பூ, அப்புறம் உருண்டையாக, உடம்பு முழுக்க முள்ளோடு காய். ஒரு காயைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன், பிடிக்கவே முடியவில்லை, உள்ளங்கையில் பத்து இடத்தில் ஒரே நேரத்தில் குத்துகிறது. சோலைமந்தி அதைப் பல்லாலும் கையாலும் பிய்த்து உள்ளே இருக்கிற விதையைத் தின்றுவிடும். பூ இருக்கும் மாதத்தில் பூவை நக்கும். இந்த மரம் இருக்கிற இடத்தில்தான் அந்தக் குரங்கு இருக்கும் என்று கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம்.

இருவாச்சிக்கு வேறொரு மாதிரி மரம் வேண்டும், வயசான, பொந்து விழுந்த மரம். டிசம்பர், ஜனவரி வாக்கில் பெண் பறவை பொந்துக்குள் புகுந்துகொண்டு எச்சத்தாலேயே வாசலைப் பூசி அடைத்துக்கொள்ளும், அலகு நுழைகிற அளவுக்கு ஒரு கீறல் மட்டும் மிச்சம். மூன்று நான்கு மாதம் ஆண்தான் சோறு போட வேண்டும். நான் ஒரு தடவை தூரத்திலிருந்து பைனாகுலரில் பார்த்தேன். ஆண் வந்து கிளையில் உட்கார்ந்தது, பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று ரொம்ப நேரம் பார்த்தது. அப்புறம் தொண்டையிலிருந்து ஓர் அத்திப்பழத்தை எக்கி அலகு நுனிக்குக் கொண்டுவந்து, அந்தக் கீறல் வழியாக உள்ளே கொடுத்தது. இன்னொன்று. இன்னொன்று. எங்கே இவ்வளவு வைத்திருந்தது என்று ஆச்சரியமாக இருந்தது, எண்ண ஆரம்பித்து நடுவில் விட்டுவிட்டேன். அந்த ஆண் எங்கேயாவது அடிபட்டுச் செத்தால் உள்ளே இருக்கிற தாய்க்கும் குஞ்சுக்கும் சாப்பாடு கொடுக்க வேறு ஆள் இல்லை. ஒரு பொந்து மரத்தை வெட்டுவது என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அந்த மாதிரி மரம் உண்டாக நூறு வருஷத்துக்குக் குறையாது.

டவுனிலிருந்து கொஞ்ச தூரத்தில் புதுத்தோட்டம். ரோட்டின் இரண்டு பக்கமும் சோலை, மொத்தமே 90 ஹெக்டேர் சுமார்தான். சோலைமந்தியை இவ்வளவு சுலபமாகப் பார்க்கக்கூடிய இடம் வேறு இருக்கிறதா என்று சந்தேகம். கறுப்பு உடம்பு, முகத்தைச் சுற்றி வெள்ளைப் பிடரி, வால் நுனியில் சிங்கத்துக்கு இருக்கிற மாதிரி ஒரு குஞ்சம், அதனால்தான் சிங்கவால் குரங்கு என்றும் சொல்கிறோம். இது பெரும்பாலும் மரத்தை விட்டு இறங்காத குரங்கு. கிளையோடு கிளை சேர்ந்திருந்த காட்டில் அதற்கு இறங்க வேண்டிய அவசியமே வந்ததில்லை. நாம் நடுவில் ரோடு போட்டு, அகலப்படுத்தி, கிளையை வெட்டினோம். இறங்கித்தான் கடக்க வேண்டும் என்று ஆனது. வண்டி அடித்துச் செத்தவை நிறைய.

மைசூரைத் தலைமையிடமாகக் கொண்ட இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை வால்பாறையில் பல வருஷமாக வேலை செய்கிறது. அவர்களும் வனத்துறையும் சேர்ந்து ரோட்டுக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். கீழே ஆள் நின்று வண்டிகளை மெதுவாகப் போகச் சொல்வதும் நடக்கிறது. பாலம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, பட்டையான ஒரு தொங்கல். முதலில் குரங்குகள் அதை நம்பவில்லையாம். நான் பார்த்த அன்றைக்கு ஒரு பெரிய ஆண் நடுவில் உட்கார்ந்து கீழே போகிற பஸ்ஸை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. பின்னால் ஒரு தாய், வயிற்றில் குட்டி ஒட்டிக்கொண்டிருக்க, தொங்கல் ஆடுகிறபோது நின்று, ஆட்டம் நின்றதும் இரண்டு அடி வைத்து, திரும்ப நின்று, அப்படியே கடந்து போனது. கீழே ஒரு கார்க்காரர் சிப்ஸ் பாக்கெட்டை ஆட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் இரண்டு மூன்று பேர் அவரிடம் போய்ச் சொன்னோம், கோபப்படாமல் பாக்கெட்டை உள்ளே வைத்துக்கொண்டார். தெரியாமல் செய்கிறவர்கள்தான் அதிகம், சொன்னால் கேட்கிறார்கள், அதனால் சொல்ல வேண்டும்.

யானைக்கு வருகிறேன். தேயிலையை யானை தின்னாது. பகலில் சோலையிலோ நடு ஆறு என்கிற ஆற்றின் கரையோரப் புதர்களிலோ நின்றுவிட்டு, இருட்டினதும் தேயிலைக்குள் நடந்து அடுத்த சோலைக்குப் போகும். அம்மாவோடு போன அதே தடத்தில்தான் மகளும் போகும், நாம் நடுவில் லைன் வீடோ சத்துணவுக் கூடமோ கட்டியிருந்தால் அதன் வழியாகத்தான் போகும். அரிசி, உப்பு, பருப்பு வாசனை வந்தால் சுவரை இடித்து எடுத்துக்கொள்ளும். அத்தை வீட்டுப் பக்கத்து ரேஷன் கடைக் கதவு பிய்ந்து கிடந்ததைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அந்த வருஷம் எங்கள் அடுத்த லைனிலிருந்து கடைக்குப் போன ஒருவர் திரும்பவில்லை. மூடுபனியில் ரோடு திரும்புகிற இடத்தில் யானை நின்றது அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். வால்பாறையில் யானையால் செத்தவர்களில் பெரும்பாலோர் கதை இதுதான், அங்கே யானை இருக்கிறது என்பதே அவர்களுக்குத் தெரியாது.

இதைச் சரியாகப் புரிந்துகொண்டுதான் வேலை ஆரம்பித்தது. யானையை விரட்டுவதைவிட யானை எங்கே இருக்கிறது என்று ஆட்களுக்கு நேரத்துக்குச் சொன்னால் போதும். முதலில் உள்ளூர் கேபிள் டிவியில் கீழே எழுத்து ஓடியது. அப்புறம் செல்போனுக்குக் குறுஞ்செய்தி, எந்த எஸ்டேட்டில் எந்த இடத்தில் யானை நிற்கிறது என்று. அதோடு முக்கியமான முனைகளில் உயரமான கம்பத்தில் சிவப்பு விளக்கு, செல்போனிலிருந்து கூப்பிட்டாலே எரியும்படி வைத்திருக்கிறார்கள். விளக்கு எரிந்தால் பக்கத்தில் யானை.

ஒரு சாயங்காலம் நானும் அத்தையும் டவுனிலிருந்து கடைசிக்கு முந்தின பஸ்ஸில் வந்து இறங்கினோம். முனையில் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது. ஏற்கெனவே ஏழெட்டுப் பேர் டீக்கடை வாசலில் நின்றிருந்தார்கள், வேலை முடிந்து வந்த பெண்கள், ஸ்கூல் பையோடு இரண்டு பையன்கள். யாருக்கும் பதற்றம் இல்லை, மழைக்கு ஒதுங்கினவர்கள் மாதிரி நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு மணி நேரம் போல ஆனது. பனிக்குள் ஒன்றுமே தெரியவில்லை. ஒரே ஒரு தடவை கிளை முறிகிற சத்தம், அப்புறம் வயிற்றுக்குள் உருள்வது போல ஒரு தாழ்ந்த உறுமல். "குட்டி இருக்கு, அதான் மெதுவா போகுது சாமி" என்றார் ஒரு பாட்டி. விளக்கு அணைந்தது. போனோம். ரோட்டில் யானைச் சாணம் சூடு ஆறாமல் ஆவி விட்டுக்கொண்டு கிடந்தது. அடுத்த லைனில் அன்றைக்குத் திரும்பாமல் போனவர் காலத்தில் இந்த விளக்கு இருந்திருந்தால் என்று அத்தை அன்று ராத்திரி முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

எல்லாம் நன்றாக நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. சிறுத்தை விஷயம் மனதை அறுக்கிறது. இங்கே சிறுத்தை பெரும்பாலும் காட்டு இரையைத்தான் தின்கிறது, மனுஷனைத் தேடி வருவதில்லை. ஆனாலும் கடந்த சில வருஷங்களில் சின்னப் பிள்ளைகள் பலியாகியிருக்கிறார்கள், வீட்டு வாசலிலேயே. நம் ஆட்களின் பிள்ளைகள் திருப்பூர், கோவை என்று மில் வேலைக்கு இறங்கிப் போன பிறகு லைன் வீடுகளில் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த குடும்பங்கள் இருக்கின்றன. பலியானவர்களில் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. அத்தைக்கு எந்த நேரத்தில் ஓடைப் பக்கம் போகக்கூடாது என்று அவர் அம்மா சொல்லிக்கொடுத்திருந்தார், இந்தத் தாய்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. லைனை ஒட்டின புதரை வெட்டுவது, வாசலுக்கு விளக்கு, வீட்டோடு கக்கூஸ், அவர்களுக்குப் புரிகிற மொழியில் எச்சரிக்கை, இவையெல்லாம் செலவு குறைந்த வேலைகள். கூண்டு வைத்துச் சிறுத்தையைப் பிடித்து வேறு காட்டில் விட்டால் அந்த இடத்துக்கு இன்னொரு சிறுத்தை வரும். புதர் அப்படியே இருக்கும்.

இங்கே வாழ்கிற பழங்குடியினரான காடர்களைச் சொல்லாமல் இந்த மலையைப் பற்றி எழுதுவது தப்பு. தேன், குங்கிலியம், கிழங்கு எல்லாம் எங்கே எப்போது கிடைக்கும் என்று இந்தக் காட்டை உள்ளங்கை மாதிரி அறிந்தவர்கள். 2019 ஆகஸ்ட் மழையில் கல்லார் காடர் குடியில் மண் சரிந்து வீடுகள் போயின. எஸ்டேட் லைன் வீடுகளில் கொண்டுபோய் வைத்தார்கள். காட்டு ஆட்களைத் தேயிலைக்கு நடுவில் வைத்தால் எப்படி இருப்பார்கள்? தங்கள் காட்டுக்குள்ளேயே தெப்பக்குளமேட்டில் இடம் வேண்டும் என்று வன உரிமைச் சட்டத்தை வைத்துப் போராடி 2021-ல் வாங்கினார்கள். காப்பகம் என்றால் மனுஷன் இல்லாத இடம் என்று நினைக்கிறவர்கள் தெப்பக்குளமேட்டின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்புறம் நாற்றங்கால். சிதைந்துபோன துண்டுச்சோலைகளில் திரும்பச் சோலை மரங்களை நடுகிற வேலை இருபது வருஷத்துக்கு மேல் நடக்கிறது, எஸ்டேட்டுகள் இடம் கொடுக்கின்றன. இந்த மலையின் மறுபக்கம் டாப்ஸ்லிப்பில் ஹியூகோ வுட் என்ற வன அதிகாரியின் கல்லறை இருக்கிறது, 1933-ல் இறந்தவர். மொட்டையடிக்கப்பட்ட தேக்குக் காட்டைத் திரும்ப உண்டாக்கியவர், அவரை நான் மதிக்கிறேன். ஆனால் அது தேக்கு, பெரும்பாலும் ஒரே மரம். சோலைக்கு அது போதாது, நூற்றுக்கும் மேல் வகை வேண்டும். விதையை எங்கே எடுக்கிறார்கள் என்று கேட்டேன். ரோட்டோரம் என்றார்கள். காட்டுக்குள் விழுகிற விதை காட்டுக்கு, தார் ரோட்டில் விழுகிறது எப்படியும் முளைக்கப் போவதில்லை, அதைப் பொறுக்கலாம். எனக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்தது. மரநாய் பாறைமேல் போட்டுவிட்டுப் போன எச்சத்திலும் விதை கிடக்கும். ஒன்றைக் குச்சியால் கிளறிக் காட்டினார் அங்கே வேலை செய்கிற ஓர் அண்ணன், கழுவி வைத்த மாதிரி பளபளவென்று ஏழு விதை.

பையில் ஒன்றிரண்டு வருஷம் வளர்த்து, உண்ணிச்செடியை வெட்டி ஒதுக்கி, ஜூனில் மழை பிடித்ததும் நடுகிறார்கள். நட்டுப் பதினைந்து வருஷத்துக்கு மேலான ஓர் இடத்துக்குக் கூட்டிப்போனார்கள். மரங்கள் இன்னும் ஒல்லியாகத்தான் இருந்தன, ஆனால் தலைக்கு மேலே இலை கூடியிருந்தது, தரையில் நிழல். நடாத செடிகளும் முளைத்திருந்தன. யாரோ ஒரு பறவை கொண்டுவந்து போட்டது.

அத்தை ஓய்வு பெற்றதும் லைன் வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எங்களோடு பொள்ளாச்சிக்கு வந்துவிட்டார். மூன்று வருஷம் ஆகிறது. செல்போன் எண் பழையதுதான், மாற்றவில்லை, யானைக் குறுஞ்செய்தி பட்டியலிலிருந்து எண்ணை எடுக்கச் சொல்லவும் இல்லை. சாயங்காலம் ஆறு மணி வாக்கில் செய்தி வரும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிச் சத்தமாக வாசிப்பார், எந்த எஸ்டேட், எந்தக் காடு, எத்தனை யானை. அப்புறம் அந்த லைனில் இருக்கிற பழைய சினேகிதிக்குப் போன் போட்டு, "பாத்தியா, உங்க பக்கம்தான் நிக்குது, வெளிய வராத" என்பார். அந்த அம்மாவுக்கும் அதே செய்தி வந்திருக்கும். இருந்தாலும் தினமும் போன் போடுகிறார்.